குளச்சல் கடற்கரையில் ஒரு கல்

திருவனந்தபுரம் நகரில் பாங்கோடு என்னும் பகுதியில் ராணுவ முகாம் ஒன்று உள்ளது. அங்குள்ள மைதானத்திற்குக் ‘குளச்சல்’ என்று பெயர். நகரவாசிகள் பலர் அந்தப் பெயரைப் பலமுறை கேட்டிருப்பார்கள். ஆனால் அது கடலோரச் சிற்றூர் ஒன்றின் பெயர் என்பதையும், அங்கே ஒரு வெற்றித்தூண் நிற்கிறது என்பதையும், அந்தத் தூணுக்கும் இந்த முகாமுக்கும் உறவு உண்டு என்பதையும் அறிந்தவர்கள் குறைவு.

அந்தத் தூணைக் காணும் வாய்ப்பு அண்மையில் கிடைத்தது. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலையில் தக்கலை வரை சென்று, அங்கிருந்து கடலை நோக்கித் திரும்பினால் குளச்சல் வந்துவிடும். கன்னியாகுமரி மாவட்டத்தின் பழைமையான துறைமுக ஊர் அது. மணலில் வலைகள் உலர்கின்றன; படகுகள் வருவதும் போவதுமாக இருக்கின்றன; மீன் ஏலக் குரல்கள் காற்றில் மிதந்து வருகின்றன. இந்த அன்றாட ஆரவாரத்திற்கு நடுவே, யாருடைய கவனத்தையும் வேண்டாமல் நிற்கிறது அந்தக் கல்தூண்.

உடன் வந்திருந்த கல்லூரி மாணவர் ஒருவர் அதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “ஐயா, இது போரின் நினைவாக எழுந்த கல். போர் என்றால் கொலை. எல்லா உயிர்களிலும் இறைவனைக் காண விரும்புகிறவன் இதன் முன் ஏன் தலைவணங்க வேண்டும்?”

உடனே பதில் சொல்ல இயலவில்லை. ‘நாட்டுப்பற்று’ என்று ஒரே சொல்லில் சொல்லிவிடலாம். ஆனால் அவர் கேட்டது அதற்கும் அப்பால். ‘போர்கள் எல்லாம் பாவம், இந்தக் கல் இடிந்து போகட்டும்’ என்று சொல்வதும் எளிது. ஆனால் அங்கே உயிர்விட்டவர்களுக்கு அது நன்றி மறந்த செயலாகும். இரண்டு எளிய பதில்களையும் தவிர்த்துவிட்டுச் சிந்திக்க வேண்டிய கேள்வி இது.

தூண் சொல்லும் கதை

பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மலையாளக் கரையின் மிளகு உலகச் சந்தையில் பெருமதிப்புப் பெற்றிருந்தது. அந்த வணிகத்தைத் தன் கைக்குள் வைத்திருக்க விரும்பியது டச்சுக் கிழக்கிந்திய நிறுவனம். நம் முன்னோர் அவர்களை ஒல்லாந்தர் என்று அழைத்தனர். திருவிதாங்கூரின் மன்னர் மார்த்தாண்ட வர்மர் அண்டை நாடுகளை ஒவ்வொன்றாக இணைத்து வலிமை பெற்று வந்தது அவர்களது வணிக நலனுக்கு இடையூறாயிற்று. 1741-ஆம் ஆண்டு இலங்கையிலிருந்து வந்த டச்சுப் படை குளச்சலில் கரையிறங்கியது. கடலோர ஊர்களைக் கைப்பற்றி, அன்றைய தலைநகரான பத்மநாபபுரத்தை அச்சுறுத்தியது.

வடக்கே இருந்த மன்னர் விரைந்து திரும்பினார். திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் சன்னதியில் வாளை வைத்து வணங்கிவிட்டே அவர் போருக்குப் புறப்பட்டார் என்ற செய்தி இன்றும் அப்பகுதியில் வழங்கி வருகிறது. டச்சுப் படையினர் குளச்சலில் தங்கள் காவலரணுக்குள் முற்றுகையிடப்பட்டனர். அவர்களது வெடிமருந்துக் கிடங்கு தீப்பற்றியது. சேமித்து வைத்த அரிசியும் எரிந்து போயிற்று. இறுதியில் அவர்கள் சரணடைந்தார்கள். ஐரோப்பியக் கடல் வல்லரசு ஒன்றை இந்திய அரசு ஒன்று போரில் தோற்கடித்த நிகழ்ச்சி என்று வரலாறு இதைப் போற்றுகிறது. 1753-இல் மாவேலிக்கரையில் ஏற்பட்ட உடன்படிக்கைக்குப் பிறகு டச்சுக்காரர்கள் திருவிதாங்கூரின் பாதையில் குறுக்கிடவில்லை.

அன்றைய திருவிதாங்கூர்ப் படையின் வழிவந்த பிரிவு இன்று இந்தியத் தரைப்படையின் மதராஸ் ரெஜிமெண்டில் ஒன்பதாவது பட்டாலியனாக விளங்குகிறது. ஜூலை 31-ஆம் நாளை அது குளச்சல் நாளாகக் கருதுகிறது. பாங்கோட்டு மைதானத்தின் பெயரும் இந்த நினைவின் அடையாளமே.

1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவாரியாகச் சீரமைக்கப்பட்டபோது குளச்சல் அமைந்த கல்குளம் வட்டம் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ஆகவே தூண் தமிழ்நாட்டிலும், அதை நினைவுகூரும் மரபின் ஒரு பகுதி கேரளத்திலும் இருக்கின்றன. எல்லைக்கோடு நிலத்தைப் பிரிக்கலாம்; நினைவைப் பிரிக்க முடியாது என்பதற்கு இந்தக் கல்லே சான்று.

கல் நடும் மரபு

போரில் வீழ்ந்தவனுக்குக் கல் நடுவது தமிழ் நிலத்தின் மிகப் பழைய வழக்கம். தொல்காப்பியம் இதனைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என்று ஆறு நிலைகளாக வகுக்கிறது. தகுந்த கல்லைத் தேடிக் காண்பது தொடங்கி, அதை எடுத்து வந்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துவது வரை இது நீள்கிறது. சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்தில் காதைகளின் பெயர்களே இந்த வரிசையை நினைவூட்டுகின்றன. சேரன் செங்குட்டுவன் இமயத்தில் கல்லெடுத்துக் கண்ணகிக்குக் கோயில் எடுத்தான். அந்தக் கல் எழுந்தது போர்வீரனுக்காக அன்று. அநீதியால் கணவனை இழந்த ஒரு பெண்ணுக்காக!

இந்த ஆறு நிலைகளையும் சற்று ஆழ்ந்து நோக்கினால் ஓர் உண்மை விளங்கும். கல்லை நடுவது நான்காவது நிலைதான். நட்டவுடன் கடமை முடிந்துவிடவில்லை. படையலும் வாழ்த்தும் அதற்குப் பிறகே வருகின்றன. அதாவது, கல் என்பது தொடக்கம். அதை நாடி வரும் மனிதர்களின் மனமே நினைவுச்சின்னத்தை நிறைவு செய்கிறது. வாழ்த்துவார் இல்லாத கல் வெறும் பாறையாகிவிடும்.

நம் நடுகற்கள் அனைத்தும் அரசர்களின் வெற்றியைப் பாடவும் இல்லை. ஊர் ஆநிரைகளை மீட்கச் சென்று மாண்ட எளியவர்களுக்கே பெரும்பாலும் அவை எழுந்தன. திருவண்ணாமலை மாவட்டத்தில் செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. கால்நடைகளைக் காக்கப் போராடி உயிர்விட்ட வீரனோடு, கள்வரைக் கடித்துத் துரத்திக் காவல் நின்ற அவனது நாயையும் அது போற்றுகிறது. ‘கோவிவன்’ என்ற அந்த நாயின் பெயரைக்கூட அந்தக் கல் ஏறத்தாழ 1,400 ஆண்டுகளாகக் காத்து வருகிறது. நன்றியுணர்வு எந்த அளவுக்கு நுண்மையாக இருந்திருக்கிறது, பாருங்கள்!

குளச்சலில் மாண்ட எளிய வீரர்களின் பெயர்களையோ வரலாறு நமக்கு விட்டுவைக்கவில்லை. மன்னரின் பெயர் தெரியும். எதிரிப்படைத் தலைவனின் பெயரும் தெரியும். துணை நின்ற மீனவ மக்களைப் பற்றிச் செவிவழிச் செய்தி ஒன்று உண்டு. படை பெரிதெனத் தோன்றும்படி அவர்கள் துடுப்புகளைத் தோளில் சாத்தி அணிவகுத்து நின்றார்களாம். அந்தத் துடுப்புகளை ஏந்திய கைகள் யாருடையவை? பெயர் அறியப்படாத அவர்களுக்கும் சேர்த்தே அந்தத் தூண் நிற்கிறது என்று கொள்வதுதான் அறம்.

உதயகிரியில் ஓர் இரண்டாவது கல்

குளச்சல் தூண் தனியாகப் பார்க்க வேண்டிய சின்னமன்று. அதன் பொருளை முழுமையாக உணர, அங்கிருந்து திரும்பும் வழியில் இன்னொரு கல்லையும் காண வேண்டும்.

தக்கலைக்கு அருகே புலியூர்க்குறிச்சியில் நெடுஞ்சாலையை ஒட்டி உதயகிரிக் கோட்டை இருக்கிறது. கோட்டைக்குள் மரங்கள் சூழ்ந்த இடத்தில் சிதைந்த சிற்றாலயம் ஒன்று, அதனுள் கல்லறைகள். அவற்றுள் ஒன்று யூஸ்டேஷியஸ் டிலனாய் என்பவருடையது. குளச்சலில் தோற்றுச் சிறைப்பட்ட அதே டச்சுப் படைத்தலைவர்தான் அவர்!

போர் முடிந்ததும் மன்னர் அவரைக் கொல்லவில்லை. காலமெல்லாம் சிறையில் வைக்கவும் இல்லை. அவருடைய திறமையை மதித்துத் தம் படைக்குப் பயிற்சியளிக்கும் பொறுப்பை ஒப்படைத்தார். டிலனாய் அந்த நம்பிக்கைக்கு ஏற்ப நடந்தார். படைவீரர்களுக்கு ஐரோப்பிய முறைப் பயிற்சி அளித்தார், உதயகிரியில் பீரங்கி வார்க்கும் பணிக்குத் துணை நின்றார், கோட்டைகளை வலுப்படுத்தினார். படிப்படியாக உயர்ந்து படைத்தளபதியானார். மக்கள் அவரை ‘வலிய கப்பித்தான்’ என்று அழைத்தார்கள். மார்த்தாண்ட வர்மரின் காலத்திற்குப் பின் அவருடைய வாரிசான தர்மராஜா ஆட்சியிலும் பணியாற்றி, 1777-இல் மறைந்தார். தம்மை வென்ற நாட்டிற்காக அவர் உழைத்தது ஏறத்தாழ 36 ஆண்டுகள்! கல்லறையில் லத்தீனிலும் தமிழிலும் எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. அருகே அவருடைய மனைவியும் மகனும் துயில்கின்றனர்.

குளச்சலின் தூண் எதிரியை வென்றதைச் சொல்கிறது. உதயகிரியின் கல்லறையோ பகையை வென்றதைச் சொல்கிறது. எதிரியை வெல்ல ஆயுதம் போதும். பகையை வெல்வதற்கு, தோற்றவனை மனிதனாகப் பார்க்கும் கண் வேண்டும். நம்பிக்கை வைப்பவனுக்கும் துணிவு வேண்டும்; நம்பிக்கையைப் பெறுபவனுக்கும் உண்மை வேண்டும்.

நம் இதிகாசங்கள் இதைத்தான் மீண்டும் மீண்டும் கற்பிக்கின்றன. இராவணன் வீழ்ந்து கிடக்கிறான். அவனுக்கு இறுதிக்கடன் செய்ய வீடணன் தயங்குகிறான். மரணத்தோடு பகை முடிந்துவிட்டது, இனி அவன் உனக்கு எப்படியோ எனக்கும் அப்படியே என்று இராமபிரான் அவனைத் தெளிவிக்கிறார். மகாபாரதத்தின் ஸ்திரீ பர்வத்தில் யுதிஷ்டிரர் போர்க்களத்தில் கிடந்த அனைவருக்கும், உற்றார் எவருமின்றி மாண்டவர்களுக்கும்கூட, ஈமக்கடன்கள் செய்விக்கிறார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்ற பேதம் அங்கே இல்லை. வெற்றி பெற்றவன் செய்ய வேண்டிய முதல் செயலாக அந்தக் காவியம் காட்டுவது இதையே.

மூன்றாவது கல்

இந்த வரலாற்றில் மூன்றாவதாக ஒரு கல்லும் உண்டு. அது திருவனந்தபுரம் பத்மநாப சுவாமி கோயிலில், பள்ளிகொண்ட பெருமாளின் கருவறைக்கு முன்னே உள்ள ஒற்றைக்கல் மண்டபம். ஒரே பெரும் பாறையில் அமைந்த மேடை அது. வணங்கச் செல்லும் அன்பர்கள் பலர் அதைக் கண்டிருப்பார்கள்.

குளச்சல் வெற்றிக்குப் பின் ஏறத்தாழ எட்டரை ஆண்டுகள் கழித்து, 1750 ஜனவரியில், மார்த்தாண்ட வர்மர் அந்தச் சன்னதிக்கு வந்தார். தாம் போராடி விரிவாக்கிய நாடு முழுவதையும் ஸ்ரீபத்மநாபருக்குச் சமர்ப்பித்தார். தம் உடைவாளையும் இறைவன் முன் வைத்தார். பின்னர் அதை அவருடைய ஊழியராகத் திரும்பப் பெற்றுக்கொண்டார். இதுவே ‘திருப்படிதானம்’ என்று வழங்கப்படுகிறது. அன்று முதல் திருவிதாங்கூர் மன்னர்கள் ‘பத்மநாப தாசர்’ என்ற பெயரோடு ஆண்டார்கள்.

இதில் அரசியல் கணக்கு இல்லை என்று சொல்ல முடியாது. இறைவனுக்குரிய நாட்டை எதிர்ப்பது தெய்வ நிந்தனை என்ற எண்ணம் ஆட்சியை உறுதிப்படுத்தியிருக்கும் என்று வரலாற்று ஆய்வாளர்கள் கூறுவதுண்டு. இருப்பினும் அச்செயலில் பொதிந்துள்ள கருத்து மிகப் பெரியது. வென்றவன், ‘இது என்னுடையது’ என்று சொல்லும் உரிமையைத் துறக்கிறான். வாள் இருக்கிறது, ஆனால் அதன் உடைமையாளன் மாறிவிட்டான். பலனைச் சமர்ப்பித்துவிட்டுச் செயலாற்றுக என்ற கீதையின் நெறிக்கு இது ஒரு புறச்சடங்கு எனலாம்.

நினைவு நேர்மையாக இருக்கட்டும்

ஆனால் சடங்கு ஒருவரை முற்றிலும் மாற்றிவிடுமா? இங்கே நாம் நேர்மையாக இருக்க வேண்டும். டிலனாயிடமிருந்து கிறிஸ்தவ நெறியை அறிந்து, 1745-இல் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் என்று பெயர் கொண்ட நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்தவர். அவர் சிறைவைக்கப்பட்டு, 1752-இல் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். வாளை இறைவன் முன் வைத்து இரண்டே ஆண்டுகள் கழிந்த பின், அதே மன்னரின் ஆட்சியில் நடந்தது இது. 2022-இல் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

இதை ஏன் சொல்ல வேண்டும்? தூணின் பெருமை குறைந்துவிடாதா? குறையாது. எதிரி நாட்டுத் தளபதிக்குக் கருணை காட்டிய அரசு தன் குடிமகன் ஒருவனுக்கு அதைக் காட்டவில்லை என்பதை மறைத்துவிட்டுச் செய்யும் வணக்கம், உண்மையை விட்டு விலகிய வணக்கம். மனிதர்கள் ஒரு செயலில் உயர்ந்தும் இன்னொன்றில் தாழ்ந்தும் நிற்கிறார்கள். அவர்களுடைய உயர்வுக்கு நன்றி செலுத்துவோம். தாழ்விலிருந்து பாடம் கற்போம். இரண்டையும் ஒருசேர ஏற்கும் மனம் வாய்க்குமானால், அந்தக் கல் நமக்கு ஆசிரியனாகும்.

வெற்றியைப் பாடாமல் வருந்திய கல்லும் பாரதத்தில் உண்டு. கலிங்கப் போரில் ஓர் இலட்சம் பேர் மாண்டதையும், ஒன்றரை இலட்சம் பேர் நாடு பெயர்க்கப்பட்டதையும் அசோகர் தம் பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டில் தாமே பதிவு செய்து துயருற்றார். நம் காலத்திலும் இத்தகைய நேர்மைக்கு உதாரணம் உண்டு. முதல் உலகப் போரில் மாண்டோரைப் பதவி, இனம், சமயம் பாராமல் சமமாக நினைவுகூர வேண்டும் என்ற கொள்கையோடு 1917-இல் பிரிட்டனில் போர்க் கல்லறைகள் ஆணையம் அமைக்கப்பட்டது. ஆப்பிரிக்க, ஆசிய வீரர்கள் பலர் பெயரின்றி விடப்பட்டதை 2021-இல் அந்த ஆணையமே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோரியது. ஒரு நூற்றாண்டு கழித்தாவது தவறை ஒப்புக்கொள்வதும் இறந்தவர்களுக்குச் செய்யும் வழிபாடே.

அலை எழுப்பிய நினைவு

குளச்சலுக்கு மீண்டும் வருவோம். 1741-இல் அந்த ஊருக்குக் கடல் வழியே படை வந்தது. 2004 டிசம்பர் 26 அன்று அதே கடல் ஆழிப்பேரலையாக எழுந்து வந்தது. குளச்சலிலும் அருகிலுள்ள கொட்டில்பாட்டிலும் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். குழந்தைகள் எத்தனையோ பேர். அவர்கள் ஒன்றாக அடக்கம் செய்யப்பட்ட இடங்களில் ஆண்டுதோறும் அதே நாளில் மக்கள் கூடுகிறார்கள். மலர் தூவி, மெழுகுவர்த்தி ஏற்றி, கண்ணீர் விடுகிறார்கள்.

அந்த நினைவிடங்களுக்கு அழைப்பிதழ் வேண்டியதில்லை. அங்கே உறங்குபவர்கள் தாயாகவும் மகளாகவும் அறியப்பட்டவர்கள். தூணருகே ஏன் அப்படிக் கூட்டம் சேர்வதில்லை? அங்கு மாண்டவர்களை அழுவதற்கு இன்று எவரும் உயிரோடு இல்லை. ஆனால் 1741-இலும் இந்தக் கடற்கரையில் தாய்மார்கள் அழுதிருப்பார்கள் அல்லவா? இலங்கையிலும் ஹாலந்திலும் சில வீடுகளில் மகன் திரும்பி வரவில்லை என்ற செய்தி சென்று சேர்ந்திருக்கும் அல்லவா? காலம் கண்ணீரை உலர்த்திவிடுகிறது. ஆனால் அந்தக் கண்ணீர் உண்மையாக இருந்தது என்பதை மாற்ற அதனால் முடியாது.

போர் நினைவுச்சின்னத்தின் பாரம்பரிய மதிப்பு இங்கேதான் இருக்கிறது. அதன் வயதோ உயரமோ வெற்றியின் அளவோ அந்த மதிப்பை முழுமையாகச் சொல்லிவிடாது. நமக்கு உறவில்லாத, பெயர் தெரியாத மனிதர்களின் துயரையும் துணிவையும் நம்முடையதாக உணரும் ஆற்றலை அந்தக் கல் நம்மிடமிருந்து வரவழைக்க வேண்டும். சொந்தத் தாய்க்காக அழுவது இயல்பு. அறியாதவனுக்காகத் தலைகுனிவது பண்பாடு. அந்தப் பண்பாட்டிற்குப் பயிற்சிக்களம் வேண்டும். சிற்றூர்களில் நிற்கும் இத்தகைய கற்களே அந்தப் பயிற்சிக்களங்கள்.

நாம் செய்யக்கூடியது

அந்த மாணவரின் கேள்விக்குத் திரும்பும் வழியில் ஒருவாறு பதில் சொல்ல முடிந்தது. “தம்பி, அந்தக் கல் முன் வணங்கிவிட்டுத் திரும்பும்போது உன் மனத்தில் யார் மீதாவது வெறுப்பு கூடியிருந்தால் நீ சரியாக வணங்கவில்லை. நன்றியும் பொறுப்பும் கூடியிருந்தால் நீ வணங்கியது கொலையை அன்று, ஒரு தியாகத்தை. எந்தப் போர்ச் சின்னத்தின் முன்னும் இந்த அளவுகோலை வைத்துக்கொள்” என்றேன். அவர் சற்று யோசித்துவிட்டு, உதயகிரியில் இறங்க வேண்டும் என்று தாமே சொன்னார். அந்தக் கல்லறை முன் நின்றபோது அவர் எதுவும் கேட்கவில்லை. காலணிகளைக் கழற்றிவிட்டு நின்றார்.

நாடெங்கும் சிற்றூர்களில் இத்தகைய நினைவுக்கற்கள் உள்ளன. சில ஊர்களில் வயல் வரப்பில் நடுகல் கிடக்கிறது. சில ஊர்களில் உலகப் போருக்குச் சென்றவர்களைப் பற்றிய சிறு கல்வெட்டு பழைய கட்டடத்தின் சுவரில் இருக்கிறது. சில ஊர்களில் அண்மைக் காலத்தில் எல்லையில் வீழ்ந்த இளைஞனின் சிலை நிற்கிறது. அவற்றைத் துப்புரவாக வைத்திருப்பது அரசின் வேலை மட்டும் என்று இருந்துவிடலாமா? ஆண்டுக்கு ஒரு நாள் பிள்ளைகளை அழைத்துச் செல்லலாம். சுற்றியுள்ள முட்களை அகற்றலாம். ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் செய்தியை எழுதி வைக்கலாம். ஒரு விளக்கேற்றி, இரு தரப்பிலும் மாண்டவர்களின் அமைதிக்காகச் சற்று நேரம் மௌனமாக நிற்கலாம்.

அடுத்த முறை அனந்தபுரியில் பெருமாளை வணங்கச் செல்லும் அன்பர்கள், ஒற்றைக்கல் மண்டபத்தின் முன் நிற்கும்போது குளச்சலையும் நினைத்துக்கொள்ளுங்கள். இயன்றால் தெற்கே ஒரு நாள் பயணம் மேற்கொண்டு உதயகிரியையும் அந்தக் கடற்கரையையும் கண்டு வாருங்கள். கல் நட்டவர்கள் தங்கள் பங்கைச் செய்துவிட்டார்கள். வாழ்த்தும் பங்கு நம்மிடம் இருக்கிறது.